அம்மாவுக்கு நான் எழுதிய மரண அறிவித்தல்

2012ஆம் ஆண்டு என் அம்மா காலமானபோது பத்திரிகைக்கும் வானொலிக்கும் மரண அறிவித்தல் எழுதிக் கொடுத்தவன் நான். அதில் பொய் எழுதினேன். துக்கத்தில் தடுமாறி எழுதியது என்று சொல்லித் தப்ப முடியாது. மேசையில் உட்கார்ந்து யோசித்து, எழுதியதை அடித்துத் திருத்தி, சுத்தமாகப் பிரதியெடுத்துக் கொடுத்தேன். இந்தக் கட்டுரையை எழுதும்வரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை. தங்கைக்குத் தெரியும். அதுவரை அவள் என்னைக் கேட்டதில்லை, நானும் பேச்செடுத்ததில்லை.

“ஹட்டனைப் பிறப்பிடமாகவும் வத்தளையை வசிப்பிடமாகவும் கொண்ட” என்று அந்த அறிவித்தல் தொடங்குகிறது. அம்மா ஹட்டனில் பிறக்கவில்லை. பொகவந்தலாவைப் பக்கம் கொட்டியாகலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசைவீடுகளான லயங்களில், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா ஒன்றில் பிறந்தார். அதே தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டார், அங்கேயே கொழுந்தெடுத்தார், என் அப்பாவை அங்கேயே மண்ணில் வைத்தார். ஹட்டன் டவுனுக்கு அவர் போனதெல்லாம் தீபாவளிக்குத் துணி எடுக்கவும் ரயிலேறவும்தான். வத்தளையில் என் வீட்டில் அவர் இருந்தது கடைசிச் சில வருடங்கள். ஏறக்குறைய எழுபது வருடம் ஓரிடத்தில் வாழ்ந்த மனுஷியை அந்த இடத்தின் பெயரே இல்லாமல் அனுப்பிவைத்தேன். கொட்டியாகலை என்ற பெயரை என் கையால் அச்சுக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை.

அந்த அறிவித்தலில் என் உத்தியோகம் இருந்தது. கொழும்பில் ஒரு தனியார் கம்பனியின் கணக்காளர் என்று என் பெயருக்கு முன்னால் போட்டிருந்தேன். மருமகனின் உத்தியோகமும் இருந்தது. பேரப்பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடங்கள்கூட இருந்தன. அம்மா என்ன செய்தார் என்பதற்கு மட்டும் ஒரு சொல்லும் இல்லை. பதினான்கு வயதில் தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் பெயர் விழுந்து, நாற்பது வருடத்துக்கும் மேல் கூடை சுமந்தவர் அவர். என்னைப் படிக்கவைத்த காசு முழுவதும் அந்தக் கூடையிலிருந்து வந்தது. “காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மனைவியும்” என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். நான் படிப்பதற்காகத் தோட்டத்தைவிட்டு வெளியே வந்த காலத்தில் ‘தோட்டக்காட்டான்’ என்ற சொல்லைக் கேட்டிருக்கிறேன். சொன்னவர்களும் தமிழர்களே. அந்தச் சொல்லுக்குப் பதில் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. அந்தச் சொல் என்மேல் விழாத இடமாகப் பார்த்து வாழக் கற்றுக்கொண்டேன். கொழும்பில் வேலை கிடைத்ததும் “ஊர் எது?” என்று கேட்டவர்களுக்கு ஹட்டன் என்றேன். ஹட்டன் என்றால் கடை கண்ணி வைத்திருக்கும் குடும்பமாக இருக்கலாம், வாத்தியார் குடும்பமாக இருக்கலாம். கேட்டவர்கள் தாங்களாக ஒன்றை ஊகித்துக்கொள்வார்கள், நான் மறுக்கமாட்டேன். கல்யாணப் பேச்சிலும் அப்படியே நடந்தது. மனைவிக்குப் பின்னால் எல்லாம் தெரிந்தது; அவள் அதை ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. கூச்சம் முழுக்க முழுக்க என்னுடையது.

மரண அறிவித்தல் எழுதுவது எனக்குப் புதிய வேலை அல்ல. தோட்டத்தில் இருந்த காலத்தில், லயங்களில் சாவு விழுந்தால் பேனாவும் கையுமாகக் கூப்பிடப்படுகிறவன் நான். உயர்தரம் வரைக்கும் படித்த பையன் வேறு யாரும் எங்கள் பக்கத்தில் இருக்கவில்லை. ஒரு சாவை ஊருக்குத் தெரிவிக்க அப்போது மூன்று வழிகள். தோட்டத்துக்குள்ளே தப்பு மேளச் சத்தம் சொல்லிவிடும். பக்கத்துத் தோட்டங்களுக்கு இழவு சொல்ல ஆள் போகும். தூரத்து ஊர்களுக்கு இலங்கை வானொலியின் மரண அறிவித்தல். கண்டிச் சீமை, பதுளைச் சீமை என்று மலை மலையாகச் சிதறிக் கிடந்த சொந்தங்களுக்கு அந்த அறிவித்தலை விட்டால் நாதியில்லை. லயத்தில் ஒரு வீட்டில் ரேடியோ இருந்தாலும் போதும், அந்த நேரத்துக்கு நாலு வீட்டு ஆட்கள் வாசல் இஸ்தோப்பில் வந்து நிற்பார்கள். அறிவிப்பாளர் ஊர்ப்பெயரைச் சொன்னதும் எல்லார் முகமும் மாறும். தோட்டத்தின் பெயர், டிவிசனின் பெயர், பிறகு ஆளின் பெயர். முதல் இரண்டைக் கேட்டதுமே யாராயிருக்கும் என்று ஊகித்துவிடுகிறவர்கள் இருந்தார்கள்.

நான் அந்த அறிவித்தல்களைச் சுருக்கமாக எழுதுவேன். தந்தியில் அனுப்பினால் சொல்லுக்குக் காசு. சாவு வீட்டில் காசு ஏது? ஆகவே எதை வெட்டலாம் என்று பார்ப்பேன். ஆண் செத்தால் கங்காணி, கணக்கப்பிள்ளை, தொழிற்சங்கத் தலைவர் என்று ஏதாவது ஒன்று பெயரோடு ஒட்டிக்கொள்ளும். பெண் செத்தால் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய், அவ்வளவுதான். கொழுந்தெடுத்தவர் என்று ஒரு பெண்ணுக்கும் நான் எழுதியதில்லை. எல்லாப் பெண்களும் கொழுந்தெடுத்தவர்கள், அதை எதற்குத் தனியாக எழுதவேண்டும் என்று நினைத்தேன். என் எழுத்தைப் பலரும் பாராட்டினார்கள். வெட்டி வெட்டி எழுதுவதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அம்மாவின் சாவு வரும்வரை அந்தப் பெருமையில் எந்தத் தப்பும் எனக்குத் தெரியவில்லை.

சாவு வீட்டு இஸ்தோப்பில் நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே, உள்ளே பெண்கள் வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஒப்பாரியை வெறும் அழுகை என்று நினைக்கிறவர்கள் அதன் அருகில் உட்கார்ந்து கேட்காதவர்கள். ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, வட்டமாகக் குனிந்து ஆடியபடி அவர்கள் சொல்வதெல்லாம் செத்தவரின் கணக்கு. தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்துக்காரர் ஒருவர் செத்தபோது கேட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது. எந்தக் கல்லில் அவர் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டுவார், கத்தி பட்டு எந்த விரல் கோணலாகியது, எந்த வருஷம் அவருக்கு அரைநாள் சம்பளம் மட்டும் கொடுத்து அரைப்பேர் போட்டார்கள், அன்றைக்கு அவர் சோறு தின்னாமல் படுத்தது, மூத்த மகன் காய்ச்சலில் போனபோது அவர் அழாமல் விறகு பிளந்துகொண்டே இருந்தது. கடைக்கு எவ்வளவு கடன் வைத்துவிட்டுப் போகிறார் என்பதும் வரும். யாருடன் சண்டை என்பதும் வரும். சண்டை போட்டவளே அதைச் சொல்லி அழுவாள். அம்மாவுக்கு இதில் நல்ல குரல். தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் யார் யார் குழந்தைகளாக ஒன்றாகக் கிடந்தார்கள் என்பதிலிருந்து ஆரம்பிப்பார். நான் இதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டே கையால் “அன்னார்” என்று எழுதினேன். உள்ளே சொல்லப்பட்டதில் ஒரு துணுக்கையாவது காகிதத்தில் ஏற்றலாமே என்று எனக்குத் தோன்றியதில்லை. அது படிக்காதவர்களின் சங்கதி, இது எழுத்து என்று நினைத்தேன்.

எங்கள் ஜனங்களைப் பற்றி எழுத்தில் இருப்பது சொற்பம். 1820களில் கோப்பித் தோட்டங்களுக்கு ஆட்களைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். தலைமன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தவர்களில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பாதையோரத்தில் விழுந்தவர்களின் பெயர்கள் எங்கேயும் இல்லை. தொகை மட்டும் இருக்கிறது. கோப்பி நோயில் அழிந்து தேயிலை வந்தபிறகும் செக்ரோலில் வேலைநாள் இருக்கும், கொழுந்து றாத்தல் இருக்கும், பிடித்தம் இருக்கும். மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை, தேயிலைக்கு அடியில் புதைந்துபோனவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னமும் இல்லையே என்று கவிதையில் வருந்தினார். 1970இல் ‘போர்ன் டு லேபர்’ என்று ஆங்கிலத்தில் எழுதித் தோட்டத்து மனிதர்கள் சிலரை ஆளாக நிற்கவைத்துக் காட்டினார். மலைநாட்டுப் பாடல்களையும் திரட்டினார். அந்தப் புத்தகங்களை நான் வாசித்தேன், அலுமாரியில் வைத்தேன், மற்றவர்களுக்குச் சிபாரிசும் செய்தேன். தொழிற்சங்க மேடைகளில் 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் சுடப்பட்ட கோவிந்தனின் பெயரைச் சொல்வார்கள். 1977இல் டெவன் தோட்டத்தில் சுடப்பட்ட சிவனு லெட்சுமணனின் பெயரைச் சொல்வார்கள். சொல்லத்தான் வேண்டும். ஆனால் துப்பாக்கியில் சாகாமல், காலில் நீர்கோத்து, மூச்சு வாங்கி, சாதாரணமாகச் செத்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு எழுத்தில் வாய்க்கக்கூடிய ஒரே இடம் அந்த நாலு வரி மரண அறிவித்தல். செக்ரோல் அவர்களை எப்படி நடத்தியதோ அதைவிடக் கொஞ்சம் மேலாக நடத்த அந்த நாலு வரியில் இடமிருந்தது. பேனா என் கையில் இருந்தது.

அம்மா பிறந்தது 1938இல். அவருக்குப் பத்து வயதாகும்போது 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, பிறந்த மண்ணிலேயே அவரை நாடற்றவராக்கியது. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இருவரும் ஒப்பந்தம் செய்து, இத்தனை லட்சம் பேர் உங்களுக்கு, இத்தனை லட்சம் பேர் எங்களுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். அம்மாவின் கூடப்பிறந்த தங்கை இந்தியாவுக்குப் போனார். ஹட்டன் ஸ்டேஷனில் அந்த ரயிலுக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயர். உயிரோடு இருப்பவர்களுக்காக அழுது அனுப்புகிற ரயில். பெட்டி நகர நகர, உள்ளே இருந்த தங்கையின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மா ஓடியதை நான் பார்த்தேன். தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம், அங்கிருந்து கோத்தகிரி. 1984இல் அந்தக் கப்பலும் நின்றது. சகோதரிகள் மறுபடி பார்த்துக்கொள்ளவில்லை. அம்மாவுக்குக் குடியுரிமை வந்தது 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில். நாற்பது வருடம். இடையில் தோட்டத்தை அரசாங்கம் எடுத்தது, பிறகு கம்பனிகளிடம் கொடுத்தது. துரைமார் மாறினார்கள், அம்மாவின் நிரை மாறவில்லை. இதில் ஏதாவது ஒரு வரியை நான் எழுதியிருக்கலாம். பத்திரிகையில் ஒரு வரிக்கு என்ன கூடிவிடும்? காசு அன்றைக்கு என்னிடம் இருந்தது. படத்துக்கு எவ்வளவோ செலவழித்தேன்.

படத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். அம்மாவிடம் இருந்தது அடையாள அட்டைக்கு எடுத்த படம். அதை வத்தளையில் ஒரு ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனேன். கூடைக் கயிறு தலையில் பதிகிற இடத்தில் தோட்டத்துப் பெண்களுக்கு முடி தேய்ந்துபோகும். அம்மாவுக்கு உச்சிக்கு முன்னால் இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் பளபளவென்று ஒரு தடம் இருந்தது, தொட்டால் மெல்லிய பள்ளமாகத் தெரியும். சின்ன வயதில் அவர் மடியில் படுத்துக்கொண்டு அந்தப் பள்ளத்தில் விரலை ஓட்டியிருக்கிறேன். ஸ்டூடியோப் பையனிடம் அங்கே முடி நிரப்பச் சொன்னேன். நூல் சேலையை எடுத்துவிட்டுப் பட்டுச்சேலை வைக்கச் சொன்னேன். “சங்கிலி ஒண்ணு போட்டுவிடவா அண்ணே?” என்று அவனாகக் கேட்டான். போடு என்றேன். கணினித் திரையில் கொஞ்ச நேரத்தில் வேறு யாரோ ஒரு பெண்மணி வந்துவிட்டார். நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் காசைக் கொடுத்தேன்.

மலர்ச்சாலையில் கைகளுக்கு வெள்ளை உறை போடலாமா என்று கேட்டார்கள். அம்மாவின் பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் கொழுந்துக் கறை ஏறிய வெடிப்புகள் இருந்தன. வேலையை விட்டுப் பல வருடமாகியும், என் மகள் எண்ணெய் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தும், அந்தக் கறுப்பு போகவில்லை. அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். மாலை வைத்துவிட்டுக் கிட்ட நின்று பார்ப்பார்கள். உறை போடச் சொன்னேன்.

தோட்டத்துக்குக் கொண்டுபோய் அப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கவேண்டும். அதைத் தவிர்த்ததும் நானே. கொண்டுபோனால் அலுவலகத்து ஆட்களில் நாலுபேராவது கூட வருவார்கள், லயத்தைப் பார்ப்பார்கள். பொரளை கனத்தையில் தகனம் என்று முடிவெடுத்தேன். கொட்டியாகலையிலிருந்து மாமா மகன் போன் பண்ணி வேன் பிடித்து வருகிறோம் என்றான். தூரம், மழை, மலர்ச்சாலையில் இடம் காணாது, நான் கருமாதியை அங்கே வந்து செய்கிறேன் என்றேன். இரண்டு பேர் மட்டும் வந்தார்கள், ஓரமாக நின்றுவிட்டுப் போனார்கள். தப்பு மேளம் இல்லை. ஒப்பாரி இல்லை. என் மாமியார் வீட்டுப் பக்கத்துப் பெண்கள் தேவாரம் பாடினார்கள். மனமுருகிப் பாடினார்கள், அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். எத்தனையோ பேருக்காக ஒப்பாரி சொன்ன அம்மாவுக்கு அதைச் சொல்ல ஒரு குரலும் இல்லாமல் செய்தேன். கருமாதிக்கும் தோட்டத்துக்குப் போகவில்லை.

அந்த வருடக் கடைசியில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். அங்கே அம்மாவோடு ஒரே நிரையில் காலமெல்லாம் கொழுந்தெடுத்த சின்னம்மா, மகள் வீட்டோடு வந்து இருந்தார். சொந்தச் சின்னம்மா இல்லை. தோட்டத்தில் அப்படித்தான் கூப்பிட்டு வளர்ந்தோம். பார்க்காமல் வந்தால் நன்றாக இராது என்று போனேன். இஸ்தோப்பில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி:

“அம்மா எப்புடி இருக்கா சாமி? கால் வீக்கம் வத்துச்சா?”

எனக்கு வாய் வரவில்லை. பிறகு சொன்னேன்.

“எப்ப?”

“தை மாசம், சின்னம்மா.”

“ரேடியோவுல குடுக்கலியா? நான் ஒரு நாளு விடாமக் கேக்குறேனே.”

“குடுத்தோம்.”

அவர் என்னை உற்றுப் பார்த்தார். நான் எப்படி எழுதிக் கொடுத்தேன் என்பதைச் சொல்லவேண்டியதாயிற்று. ஹட்டன். அடையாள அட்டையில் இருந்த பதிவுப் பெயர். அந்தப் பெயரால் அம்மாவைத் தோட்டத்தில் ஒருவரும் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அழைத்த பெயர் வேறு. அதைப் பட்டிக்காட்டுப் பெயர் என்று நான் அறிவித்தலில் அடைப்புக்குறிக்குள்ளும் போடவில்லை. சின்னம்மா கொஞ்ச நேரம் நினைவுபடுத்திப் பார்த்தார்.

“கேட்டேன் சாமி. ஹட்டன் பொம்பளன்னு ஒண்ணு சொன்னாங்க. யாரோ டவுன்காரங்கன்னு நெனச்சு ரேடியோவ நிப்பாட்டிட்டு வெறகுக்குப் போயிட்டேன்.”

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் தன்னைத்தான் நொந்துகொண்டார். கேட்டும் தெரியாமல் போய்விட்டதே, நான் ஒரு பாவி என்று தலையில் அடித்துக்கொண்டார். என் பொய்யின் பாரத்தை அந்த அம்மாள் எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இல்லை சின்னம்மா, உங்கள்மேல் பிழையில்லை, நான்தான் வெட்கப்பட்டு மறைத்தேன் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். ரேடியோவில் அப்படித்தான் சொல்வார்கள் என்று சொன்னேன். அந்தப் பொய்யும் என்னுடையது.

பிறகு அவர் அங்கேயே உட்கார்ந்து ஒப்பாரி சொன்னார். மாதக்கணக்கு கழிந்த சாவுக்கு, பிணம் இல்லாத வீட்டில், தோளில் கைபோட ஆளில்லாமல் தனியாகச் சொன்னார். மகள் ஓடிவந்து என்னவோ ஏதோ என்று பயந்துபோய் நின்றாள். 74ஆம் வருஷப் பஞ்சத்தில் கூப்பன் மாவு கிடைக்காமல் இருவரும் காட்டுக்கீரையும் மரவள்ளிக் கிழங்கும் தேடியது வந்தது. அட்டை கடித்த காலுக்குச் சுண்ணாம்பு தடவியது வந்தது. அம்மா நிறைமாதத்தில் என்னை வயிற்றில் வைத்துக்கொண்டு மலை ஏறியபோது, இவர் தன் கூடைக் கொழுந்தை அள்ளி அம்மாவின் கூடையில் போட்டு நிறுவைக்குச் சரிக்கட்டியது வந்தது. அது எனக்குத் தெரியாது. என் பரீட்சைக்குக் காசு கட்ட அம்மா காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்ததும், தோடில்லாத காதோடு ஒருத்தி கல்யாண வீட்டுக்கு வரக்கூடாது என்று இவர் தன் தோட்டைக் கழற்றிக் கொடுத்து அனுப்பியதும் வந்தது. அதுவும் எனக்குத் தெரியாது. படத்தில் நான் போடச் சொன்ன சங்கிலி ஞாபகம் வந்து, எழுந்து வெளியே போய் நின்றேன்.

அடுத்த வருடம் முதலாம் ஆண்டு நினைவஞ்சலி போட்டோம். எல்லாம் திருத்தி எழுதவேண்டும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். ஹட்டனை அடித்துவிட்டுப் பொகவந்தலாவை என்று எழுதினேன். அதற்கு மேல் கை போகவில்லை. தோட்டத்தின் பெயரை எழுதவில்லை, வேலையை எழுதவில்லை, அதே படம். ஸ்டூடியோவில் செய்த படத்தையே பெரிதாக்கிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியாகிவிட்டது. என் பிள்ளைகளுக்கு அவர்களுடைய அப்பாயியின் முகம் இன்று அந்த முகம்தான்.

2023இல் மலையகத் தமிழர் வந்த இருநூறாவது ஆண்டை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். முன்னோர் நடந்த அதே வழியில், வெயிலில், கால் கொப்புளிக்க நடந்தவர்களைக் கண்டு மனம் நிறைந்தது. அந்த நாட்களில் கொழும்பில் நடந்த ஒரு கூட்டத்தில் என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். பெயர் தெரியாமல் பாதையோரம் விழுந்தவர்களைப் பற்றிப் பேசினேன். வரலாறு எங்கள் ஆட்களைப் பதியாமல் விட்டது என்றேன். கைதட்டினார்கள். முன்வரிசையில் ஒரு பெண்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேசி முடித்து வந்து உட்கார்ந்தபோது எனக்கு வேர்த்துக் கொட்டியது. பாதையோரம் விழுந்தவர்களை எழுதிவைக்க அன்று யாரும் இருக்கவில்லை. என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரிந்த மகன் இருந்தான். அன்றிரவு இதை எழுதத் தொடங்கினேன். தொடங்கி, வைத்து, மறுபடி எடுத்து, இப்போதுதான் முடிகிறது.

அம்மாவின் பெயரை நான் இங்கே எழுதவில்லை என்பதை வாசிக்கிறவர்கள் கவனித்திருப்பார்கள். இதை அனுப்புமுன் தங்கைக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். அவளுடைய புகுந்த வீட்டிலும் நாங்கள் ஹட்டன்தான். அவள் கல்யாணத்தைப் பேசி முடித்தவன் நான், அங்கேயும் அந்தப் பேச்சை ஆரம்பித்துவைத்தவன் நானே. நான் சொன்னதை இத்தனை வருடமாக அவள் அந்த வீட்டில் கட்டிக் காத்துக்கொண்டிருக்கிறாள். வாசித்து முடிக்கும்வரை பேசாமல் கேட்டாள்.

“தோட்டத்துப் பேரப் போடுண்ணே. அம்மா பேரு இப்ப வேணாம். மாமி இருக்கிற வரைக்கும் பொறு” என்றாள். பிறகு, “ஒண்ணு விட்டுட்ட” என்றாள்.

“என்னா?”

“அம்மா மொதல்ல போனது கொழுந்துக்கு இல்ல. பன்னெண்டு வயசுல பிள்ளைக்காம்பராவுல ஆயாவுக்குத் தொணையா தொட்டி ஆட்டப் போச்சு. அரைச் சம்பளம். அப்ப ஆட்டுன பிள்ளைங்கள்ல ஒண்ணுதான் பின்னாடி நம்ம டிவிசன் தலைவரா வந்தவரு. அதயும் எழுது.”

எழுதிவிட்டேன்.